முதலில் பெட்டி, அடுத்து வயர், கடைசியில் கேமரா: வீட்டு வெளிப்புற சிசிடிவியை மறைப்பது எப்படி?

பூட்டிய வீட்டில் திருட்டு என்று வரும் செய்திகளைக் கடைசி வரி வரை படித்தால், அடிக்கடி ஒரு தகவல் கண்ணில் படும். போகும்போது சிசிடிவி ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். வாசலில் நாலு கேமரா இருந்திருக்கும், நாலும் ஒழுங்காக வேலை செய்திருக்கும், திருடன் முகமும் பதிவாகியிருக்கும். ஆனால் பதிவான பெட்டி ஹாலில் டிவிக்குக் கீழே விளக்கு மினுக்க உட்கார்ந்திருக்கும். உள்ளே வந்தவன் கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

வீட்டுக்கு வெளியே மாட்டும் கேமராவை எப்படி மறைப்பது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கேமராவைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். பூந்தொட்டிக்குள் வைக்கலாமா, குருவிக்கூடு மாதிரி பெட்டி செய்யலாமா என்று போகும் யோசனை. மறைக்கவேண்டிய வரிசை அப்படியே தலைகீழானது. முதலில் பெட்டியை மறைக்கவேண்டும், அடுத்து வயரை, கடைசியாகத்தான் கேமராவை. காம்பவுண்டுச் சுவரும் போர்ட்டிகோவும் உள்ள நம் ஊர்த் தனி வீட்டை மனதில் வைத்து இதை விளக்குகிறேன்.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மறைப்பது என்றால் கேமராவே இல்லாத வீடு போலக் காட்டுவது என்று அர்த்தமில்லை. கேமராவைப் பார்த்ததுமே பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும் ஆட்களும் உண்டு. அவர்களுக்காக கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேமராவாவது பளிச்சென்று தெரியவேண்டும். அதைத் தெரிந்தே வருகிறவன் குச்சியால் தட்டி வேறு பக்கம் திருப்புவான், ஸ்பிரே அடிப்பான், வயரை அறுப்பான். அப்படி அவன் கை வைக்கும்போது அவனைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு கேமரா வேண்டும். அந்த இன்னொன்றைத்தான் மறைக்கச் சொல்கிறேன். தெரியும் கேமரா தடுப்பதற்கு, தெரியாத கேமரா சாட்சிக்கு. இரண்டும் இருந்தால்தான் பயன்.

இனி பெட்டி. டிவிஆர், என்விஆர் என்று கடையில் சொல்வது இதைத்தான். பழைய கோஆக்ஸியல் வயரில் வரும் அனலாக் கேமராக்களுக்கு டிவிஆர், நெட்வொர்க் வயரில் வரும் ஐபி கேமராக்களுக்கு என்விஆர். மாட்ட வருகிறவர், டிவி பக்கத்தில் வைத்தால் வயர் மிச்சம் என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். சமையலறைப் பரண், மாடிப்படிக்கு அடியில் உள்ள அறை, பழைய பாத்திரம் அடுக்கிய லாஃப்ட் என்று ஒரு திருடன் நகை தேடிப் போகாத இடமாகப் பாருங்கள். பீரோ வேண்டவே வேண்டாம். அவன் முதலில் உடைப்பது பீரோவைத்தான், மூடிய பீரோவுக்குள் ஹார்டு டிஸ்க் சூடாகிக் கெட்டும் போகும். காற்று போக நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு, மேலே துணி மூட்டை எதுவும் வைக்காமல் இருந்தால் போதும். டிவியில் பார்க்கவேண்டும் என்றால் ஒரு நீளமான எச்டிஎம்ஐ வயர் இழுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் செல்போனில் பார்க்கலாம்.

பெட்டியை எவ்வளவு மறைத்தாலும் வயரைப் பிடித்துக்கொண்டே போய் அதைக் கண்டுபிடிக்கிறவன் இருப்பான். அதனால் பதிவு இன்னொரு இடத்திலும் இருக்கட்டும். ஐபி கேமராக்கள் பலவற்றில் மெமரி கார்டு போட இடமிருக்கும். பெட்டிக்குப் போகும் அதே காட்சி கார்டிலும் பதிவாகும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் படத்தைச் செல்போனுக்கு அனுப்பும் வசதியையும் போட்டுவிடுங்கள். அதற்கு இன்டர்நெட் ரவுட்டர் உயிரோடு இருக்கவேண்டும். ரவுட்டர், பெட்டி, கேமராவின் அடாப்டர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். சில வீடுகளில் ரவுட்டரும் பெட்டியும் இன்வெர்ட்டரில் இருக்கும், கேமரா அடாப்டர் மட்டும் போர்ட்டிகோவில் சாதா லைனில் செருகியிருக்கும். வெளியே உள்ள மீட்டர் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கினால் அத்தனையும் குருடாகிவிடும்.

எத்தனை நாள் பதிவு இருக்கும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்றை விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் ஓடவிட்டால் நாளுக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி ஆகும். நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் 11 நாள் நிற்கும், அதன்பின் பழையதை அழித்துவிட்டு மேலேயே எழுதும். கோடை விடுமுறைக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு இது பத்தாது. 2 டிபி போடுங்கள்.

வயருக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், தளம் போடுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நாலு மூலைக்கும் கேட் தூணுக்கும் காலி பிவிசி பைப் போட்டு வையுங்கள். கேமரா பிறகு வாங்கிக்கொள்ளலாம். கட்டி முடித்த வீட்டில், கேமராவுக்குப் பின்னாலேயே சுவரில் துளை போட்டு வயரை நேராக உள்ளே எடுப்பதுதான் உத்தமம். துளை உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், மழைத் தண்ணீர் உள்ளே வராது. ஐபி கேமராவுக்கு பிஓஇ முறை நல்லது. கரண்டும் காட்சியும் ஒரே வயரில் போய்விடும், 100 மீட்டர் வரை இழுக்கலாம். மறைக்கவேண்டிய வயர் ஒன்றுதான், வெளியே அடாப்டரும் இருக்காது. வயர் முழுச் செம்பாக இருக்கவேண்டும். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய மலிவு வயரில் தூரம் கூடக் கூட கரண்ட் இறங்கி, இரவில் விளக்கு எரியும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து வரும்.

இனி கேமரா. கடையில் மூன்று வடிவம் காட்டுவார்கள். நீளமான குழாய் போன்ற புல்லட், அரைப்பந்து போன்ற டோம், கண்ணாடி மூடியில்லாமல் உருண்டை மட்டும் தெரியும் டரட். புல்லட் தூரத்திலிருந்தே தெரியும், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் தெரியும். தடுப்பதற்காக வைக்கும் கேமராவுக்கு அது சரி. மறைப்பதற்கு டோமும் டரட்டும்தான். டோமில் லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வெளியே நிற்பவனுக்குத் தெரியாது, சீலிங் விளக்கு போலவும் தோன்றும். ஆனால் டோமின் மூடியில் தூசியோ மழைத்துளியோ படிந்தால் இரவில் அதன் மேலேயே வெளிச்சம் சிதறிப் படம் மங்கும். அதனால் மழை படாத போர்ட்டிகோ சீலிங்கில் டோம், சாரல் அடிக்கும் வெளிப்பக்கங்களில் டரட் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

நம் வீடுகளில் கேமராவுக்கென்றே கட்டியது போன்ற இடம் ஒன்று உண்டு, சன்ஷேடுக்கு அடிப்பக்கம். ஜன்னலுக்கு மேல் லிண்டலோடு சேர்த்து வார்க்கும் சன்ஷேடு வழக்கமாக வீட்டுத் தரையிலிருந்து 7 அடி உயரத்தில் வரும். பேஸ்மென்ட் 2 அடி என்றால், வெளியே மண்ணில் நிற்பவனுக்கு அது 9 அடி. முகம் பதிய இது அருமையான உயரம், எம்பினாலும் கை சுலபமாக எட்டாது. மாடியின் கைப்பிடிச் சுவரில், 15 அடி உயரத்தில் மாட்டிவிட்டு யாருக்கும் எட்டாது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அந்தக் கேமராவில் பதிவாவது தொப்பியும் தலைமுடியும்தான். 3 மீட்டர் தள்ளி நிற்பவனை 10 அடி உயரத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 25 டிகிரி சாய்வு, 8 அடியிலிருந்து பார்த்தால் 15 டிகிரிதான். தலைகுனிந்து நடக்கும் ஆளின் முகம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்தப் பத்து டிகிரியில்தான் இருக்கிறது.

சன்ஷேடுக்கு அடியிலும் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். சுவரும் சன்ஷேடும் சேரும் உள்மூலையில் வைத்தால் நிழலில் நன்றாக மறைந்திருக்கும். ஆனால் சன்ஷேடின் அடிப்பக்கம் படத்தின் மேல்பகுதியில் விழுந்துவிடும். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு அந்த வெள்ளைப் பூச்சில் பட்டுத் திரும்பி வரும். வெளிச்சம் அதிகம் என்று கேமரா தானாகவே குறைத்துக்கொள்ள, வாசலில் நிற்பவன் கறுத்துப்போவான். வெளி விளிம்புக்கு வந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மழை அடிக்கும், தெருவிலிருந்தும் தெரியும். தண்ணீர் சொட்டுவதற்காக விளிம்பை ஒட்டிக் கொத்தனார் விட்டிருக்கும் காடிக்கு ஒரு சாண் உள்ளே வைத்து, செல்போனில் படத்தைப் பார்த்துக்கொண்டே சன்ஷேடு விளிம்பு மறையும்வரை லென்ஸைக் கீழே இறக்குங்கள். வெள்ளைச் சுவர் வீடுகளில் வெள்ளை டரட் அங்கே இருப்பதே தெரியாது. சுவர் வேறு நிறம் என்றால் கேமராவின் உடம்புக்கு அதே பெயின்ட் அடிக்கலாம், வாரன்டி போய்விடலாம் என்பதைத் தெரிந்துகொண்டு. லென்ஸ் கண்ணாடியிலும், அதைச் சுற்றியுள்ள கறுப்பு வளையத்திலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. மேற்கு பார்த்த சுவரில் கறுப்போ கரும்பச்சையோ அடிக்காதீர்கள், சித்திரை வெயிலில் கேமரா வெந்துவிடும்.

மற்ற இடங்களும் இருக்கின்றன. படிக்கட்டுச் சுவரின் ஜாலி ஓட்டைக்குப் பின்னால், வென்டிலேட்டருக்குள், ஏசி வெளி யூனிட் நிற்கும் ஸ்டாண்டுக்கு அடியில், மழைத்தண்ணீர் பைப்பை ஒட்டி. கேட் தூணில் வீடியோ காலிங் பெல் வைத்தால் அதை யாரும் கேமராவாக நினைப்பதில்லை, பட்டனை அழுத்த முகத்தைக் கிட்டே கொண்டுவந்து காட்டிவிட்டும் போவார்கள். ஹோல்டரில் மாட்டும் பல்ப் கேமரா மலிவு, பார்ப்பதற்கும் பல்ப் போலத்தான். ஆனால் யாராவது பழக்கத்தில் சுவிட்சை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். பதிவு அதற்குள்ளேயே மெமரி கார்டில் மட்டும் இருந்தால், பல்பைக் கழற்றுகிறவன் சாட்சியையும் சேர்த்தே கழற்றிக்கொண்டு போவான். இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளலாம், ஒரே கேமராவாக வேண்டாம்.

பூந்தொட்டி, செடி, மரக்கிளை இவற்றில் ஒளித்துவைக்கும் யோசனையை நான் ஆதரிக்கமாட்டேன். காற்றில் இலை ஆடும்போதெல்லாம் ஆள் நடமாட்டம் என்று செல்போன் அடிக்கும், ஒரு வாரத்தில் அலுத்துப்போய் நீங்களே அந்த அறிவிப்பை நிறுத்திவிடுவீர்கள். இரவில் பக்கத்து இலை வெளிச்சத்தில் வெளுத்து, பின்னால் இருப்பது தெரியாமல் போகும். சட்டைப் பொத்தான் அளவு பின்ஹோல் கேமராவும் அப்படித்தான். அவ்வளவு சிறிய துளைக்குள் வரும் வெளிச்சம் பகலுக்குப் பத்தும், இரவுக்குப் பத்தாது.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்து வெளியே பார்க்கவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். பகலில் நன்றாகத் தெரியும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். அந்த விளக்கை செட்டிங்கில் அணைத்துவிட்டு, வெளியே ஒரு 9 வாட் எல்இடி பல்பை இரவு முழுவதும் எரியவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். பேட்டரியில் ஓடி, உடல் சூட்டை உணர்ந்து விழித்துக்கொள்ளும் கேமராவை மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கவே கூடாது. உடல் சூடு கண்ணாடியைத் தாண்டி வராது. அது தூங்கிக்கொண்டே இருக்கும்.

மறைத்து வைத்த கேமராவை இரவில் காட்டிக்கொடுப்பதும் இந்த விளக்குதான். பெரும்பாலான கேமராக்களில் இருப்பது 850 நானோமீட்டர் ஒளி. இருட்டில் உற்றுப் பார்த்தால் லென்ஸைச் சுற்றி மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் வாங்கினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறையும். இதற்கு நல்ல தீர்வு ஒன்று உண்டு. கேமராவின் விளக்கை அணைத்துவிட்டு, அகச்சிவப்பு விளக்கு மட்டும் தனியாக வாங்கிச் சில அடி தள்ளி வேறொரு சுவரில் மாட்டிவிடுங்கள். சிவப்பாக ஏதோ தெரிந்தாலும் பார்ப்பவன் அங்கே பார்ப்பான், கேமரா வேறெங்கோ இருக்கும். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளும் அங்கே போகும், அவற்றைப் பிடிக்க வலை கட்டும் சிலந்தியும் அங்கேயே போகும். லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு வலை இழை இருந்தால் போதும், இரவுப் படத்தில் அது வெள்ளைக் கயிறாகத் தெரியும்.

எந்த லென்ஸ் வாங்குவது என்பதிலும் ஏமாறக்கூடாது. 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி அகலம் பார்க்கும். வாசல், கார், தோட்டம் எல்லாம் தெரிவதால் கடையில் காட்டும்போது மனசுக்குப் பிடித்துவிடும். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் இருக்கவேண்டும் என்பது இத்துறையில் பின்பற்றும் அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 பிக்சல். 2.8 லென்ஸில் இந்த 250 கிடைப்பது சுமார் 3 மீட்டர் வரைக்கும்தான். அதைத் தாண்டினால் யாரோ ஒருவர் வந்தார் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. அதனால் மறைக்கும் கேமராவைத் தோட்டம் முழுக்கப் பார்க்க வைக்காதீர்கள். எந்தப் பக்கம் ஏறிக் குதித்தாலும் கடைசியில் ஓர் ஆள் நின்றே ஆகவேண்டிய இடங்கள் வீட்டில் இரண்டோ மூன்றோதான் இருக்கும்: முன் கதவு, பின்கட்டுக் கதவு, மாடிப்படியின் முதல் படி. அவற்றிலிருந்து பத்தடிக்குள் கேமரா இருக்கட்டும்.

வெளியில் மாட்டுவதற்கு ஐபி 66 அல்லது ஐபி 67 என்று எழுதியிருக்கவேண்டும். ஐபி கேமராவில் வரும் ஐபி வேறு, இது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் அளவு. இதிலுள்ள முதல் 6 தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்குவது 6, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முங்கினாலும் தாங்குவது 7. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் கேமராவுக்குள் அல்ல, பின்னால் தொங்கும் வயர் இணைப்பில்தான். அந்த இணைப்பு ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்கட்டும். வெளியே தெரியும் வயரை அணில் கடிக்கும், பாக்ஸ் துளையைத் திறந்துவிட்டால் குளவி கூடு கட்டும்.

கண்ணுக்கு மறைத்த கேமரா இன்டர்நெட்டில் திறந்து கிடந்தால் என்ன பயன்? 2016இல் மிராய் என்ற தீநிரல் (மால்வேர்), கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுவதும் பிடித்துக்கொண்டது. மாட்டுகிறவர் போட்டுவிட்டுப் போகும் பாஸ்வேர்டை அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மாற்றிவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்கவேண்டும். அதற்கான எஸ்டிகியூசி சான்று இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதில் நான் கறாராக இருப்பேன். திருடனிடமிருந்து மறைக்கலாம். வீட்டில் இருப்பவரிடமிருந்தும், மாடியில் குடியிருப்பவரிடமிருந்தும், வேலைக்கு வரும் அக்காவிடமிருந்தும் மறைக்கக்கூடாது. எங்கெல்லாம் கேமரா இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், பேச்சைப் பதிவு செய்யும் மைக்கை அணைத்துவிடுங்கள். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. சேர்ந்து வாழும் வீட்டில் மற்றவர் சம்மதமில்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைப்பது தவறு என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவருக்குத் தெரியாமல் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆவது பிரிவின்படி குற்றம், முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை. பக்கத்து வீட்டு ஜன்னலோ குளியலறையோ துணி காயப்போடும் மாடியோ படத்தில் வந்தால் கேமராவைத் திருப்புங்கள். திருப்ப வழியில்லை என்றால் அந்தப் பகுதியைக் கறுப்பாக்கும் பிரைவசி மாஸ்க் வசதி செட்டிங்கில் இருக்கும். முடித்துவிட்டு அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் செல்போனில் படத்தைக் காட்டிவிட்டால், பின்னால் வரக்கூடிய சண்டை அன்றைக்கே தீர்ந்துபோகும்.

எல்லாம் மாட்டியதும் பகலில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல், வாசல் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைக் கேட்டிலிருந்து பின்கட்டு வரை நடக்கச் சொல்லுங்கள், ஒருமுறை தலை நிமிர்ந்து, ஒருமுறை தொப்பி போட்டுக் குனிந்து. நேரலையில் அல்ல, பெட்டியில் பதிவானதை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதே பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் பெட்டியை நீங்களாக அணைக்கவோ அழிக்கவோ போகாதீர்கள். பதிவை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு, கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின் ஓடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக் காவல் நிலையத்தில் அதையும் சேர்த்துக் கொடுங்கள். நீதிமன்றத்தில் அந்தக் காட்சி சாட்சியாக நிற்க, பாரதிய சாட்சிய அதினியம் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்கவேண்டும். அதில் ஒரு பாகம் பெட்டியை வைத்திருப்பவரான நீங்கள் கையெழுத்திடுவது, இன்னொரு பாகம் நிபுணர் கையெழுத்திடுவது. விசாரணை அதிகாரி கேட்கும்போது, எந்த மாடல் பெட்டி, எப்போது மாட்டியது, அன்று ஒழுங்காக ஓடியதா என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். மாட்டிய அன்று வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.